மெட்டாசோவாவும் ஒரு கல்சட்டியும்

1. முதல் நாள்

நான் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த அன்று என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ஊணு கழிச்சோ?" சாப்பிட்டாயா என்று அர்த்தம். இரண்டாவது கேள்வி, "மெட்டாசோவான்னா எந்தா?"

இரண்டையும் கேட்டவர் எங்கள் விலங்கியல் பிரிவின் தலைவர். அவரை எல்லோரும் சார் என்றே சொல்வோம், நானும் அப்படியே எழுதுகிறேன். மலையாளி. என்னைப் போன்ற தமிழ்க்காரர்களிடம் பேசும்போது தமிழை எடுத்து, அதில் மலையாளத்தை ஊற்றிப் பிசைந்து பேசுவார். அது திருவனந்தபுரத்தில் பெண்கள் படித்த கல்லூரி. மகாராஜா காலம். நான் தெற்கே தக்கலைப் பக்கத்திலிருந்து, மிஷன் பள்ளியில் படித்து, மதராஸில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவள். என் பெயர் ரூபி.

டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். லெக்சரர் வாயால் சொல்வதைக் கையால் செய்து காட்டுகிறவள். தவளைக்கு குளோரோஃபார்ம் கொடுப்பது, கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்து ஸ்லைடில் ஏற்றுவது, மைக்ராஸ்கோப்பைத் துடைப்பது, மயங்கி விழும் பெண்களின் முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் அந்த உத்தியோகத்தில் அடங்கும். சம்பளம் லெக்சரருக்கு, நாற்றம் எங்களுக்கு.

சாரின் கேள்விக்கு நான், "உடம்பில் பல செல் உள்ள பிராணி, சார்" என்றேன்.

"அது டெபனிஷன். ஞான் சோதிச்சது வாக்கோட அர்த்தம்."

சொல்லின் அர்த்தத்தைத்தான் கேட்டேன் என்கிறார். எனக்குத் தெரியவில்லை. மதராஸில் யாரும் சொல்லித் தரவில்லை. சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். அது கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் செய்த பெயர். "மெட்டா" என்றால் பிறகு, பின்னால். "சோவா" என்றால் பிராணிகள். ஒரே செல்லால் ஆன அமீபா போன்றவற்றுக்கு "முதல் பிராணிகள்" என்ற பொருளில் புரோட்டோசோவா என்ற பெயர் முன்பே இருந்தது. அவற்றுக்குப் பின்னால் உண்டான, பல செல்கள் கூடி ஒரே உடம்பாக வாழும் பிராணிகளுக்கு, போன நூற்றாண்டில் ஜெர்மன் தேசத்து விலங்கியல்காரர் ஒருவர் மெட்டாசோவா என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவை. புழு, மீன், தவளை, பசு, மனிதன் எல்லாம் அதில் சேர்த்தி.

"நம்மளொக்கெ பின்னே வந்தவராணு, ரூபி. அமீபாதான் தறவாட்டுக் காரணவர்" என்று அமீபாவைக் குடும்பத்துப் பெரியவராக்கிச் சிரித்தார்.

பிறகு தன் நோட்ஸைக் கொடுத்தார். அந்த நோட்ஸ்தான் கல்லூரியின் வேதம். பிள்ளைகள் அதை ஓர் எழுத்து மாறாமல் நெட்டுருப் போட வேண்டும். அதில் மெட்டாசோவாவுக்கு நேரே, "பல செல்களால் ஆன உயர்ந்த பிராணிகள். செல்கள் தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்" என்று இங்கிலீஷில் இருந்தது.

"பின்னாலேன்னுதானே சார் சொன்னீங்க? இதுல உயர்ந்ததுன்னு இருக்கே?"

"பின்னே வந்நது உயர்ந்நதல்லே? பரீட்சைக்கு அது மதி."

பரீட்சைக்கு அது போதும் என்றால் எனக்கும் போதும். புது வேலை. தலைவரோடு வாதாட நான் தக்கலையிலிருந்து வரவில்லை.

2. ஜானகி

அடுத்த வருஷம் இன்டர்மீடியட்டுக்கு ஜானகி வந்து சேர்ந்தாள். கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பெண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா கோயில் காரியத்தில் இருந்தார். அண்ணன் ராமு செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. அவளுக்குக் கீழே இரண்டு சின்னத் தங்கைகள். அம்மா முந்தைய வருஷம் டைபாய்டில் போய்விட்டாள். ஜானகிக்கு ஜாதகத்தில் செவ்வாய் தோஷம், வரன் எதுவும் பொருந்தவில்லை. அந்த தோஷத்தின் புண்ணியத்தில்தான் அவள் படித்தாள் என்று சொல்ல வேண்டும்.

அவளுக்கு டாக்டராக வேண்டும். அம்மா படுத்திருந்த நாட்களில் ஒரு பெண் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவாளாம். அவள் நாடி பிடித்த விதத்தை ஜானகி என்னிடம் நடித்துக் காட்டியிருக்கிறாள். ராமு அப்பாவிடம் மன்றாடி ஒரு சம்மதம் வாங்கியிருந்தான். முதல் தடவையிலேயே இன்டர்மீடியட் பாஸ் செய்தால் மதராஸில் மெடிக்கல் படிக்க அனுப்புவது. தவறினால் படிப்பு அத்தோடு சரி. இரண்டாவது தடவை என்ற பேச்சே இல்லை.

சார் ஒரு நாள் அமீபா பிரிவதைப் பாடம் நடத்தினார். ஒரு செல் இரண்டாகிறது, இரண்டும் தனித்தனி அமீபாவாக நீந்திப் போகின்றன என்றார். பின்வரிசையிலிருந்து ஜானகி எழுந்தாள்.

"சார், ரெண்டாப் பிரிஞ்சப்பறம் அம்மா எங்கே?"

"அம்மயில்லா. ரெண்டும் மக்களாணு."

"அப்போ யாரும் சாகலையா?"

"அது பிரிஞ்ஞு போயி. சவம்னு ஒண்ணு பாக்கியில்லா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ பொணம்ங்கறதே மெட்டாசோவாவோட வந்ததுதானா சார்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "அதெ. சரியாணு" என்றார். பல செல்கள் கூடி வாழ்வதற்குக் கொடுக்கிற விலை அது, குட்டியே, வித்தாகிற செல்கள் மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தப்பிப் போகும், மற்றவை எல்லாம் உழைத்துவிட்டுச் சாகும் என்று மெல்லச் சொன்னார். இது நோட்ஸில் கிடையாது. ஜானகி மட்டும் அதை எழுதிக்கொண்டாள்.

3. தோல் வாஷர்

அந்தக் காலத்தில்தான் ஊருக்குப் பைப்புத் தண்ணீர் வந்து தெருத்தெருவாகப் பரவிக்கொண்டிருந்தது. திருகினால் கொட்டும் என்பதைப் பார்க்கவே ஆட்கள் கூடுவார்கள். ஆனால் அக்ரகாரத்தில் ஆசாரம் மிகுந்த சில வீடுகள் பைப்பைத் தொடவில்லை. குழாயின் திருகுக்குள் தோல் வாஷர் இருக்கிறது, தோலில் பட்டு வரும் தண்ணீர் மடிக்கு ஆகாது, அதில் சமைக்கவும் கூடாது, சுவாமிக்கு வைக்கவும் கூடாது என்பது அவர்கள் கட்சி. ஜானகியின் அப்பா அந்தக் கட்சியில் முதல் ஆள்.

அதனால் அந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரானாலும் கிணற்றிலிருந்து வர வேண்டும். குளித்து, ஈரப்புடவையோடு, யாரையும் தொடாமல், கப்பியில் கயிறு போட்டு இழுத்து வர வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா இழுத்தாள். அம்மா போன பிறகு ஜானகி இழுத்தாள். சமையலுக்கு, பூஜைக்கு, குழந்தைகள் குளிக்க, அப்பா கால் கழுவ. அவள் ஸ்கால்பெல் பிடிக்கும்போது உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பைப் பார்ப்பேன். அந்தக் கை நடுங்காது. தவளையின் நரம்பை அறாமல் எடுக்க எங்கள் லேபில் அவளைப் போல யாரும் இல்லை. தினமும் டிஸெக்ஷன் முடிந்து வீட்டுக்குப் போனால், செத்ததைத் தொட்ட தீட்டுக்காகக் கொல்லை வழியாக நுழைந்து மறுபடி தலைக்கு ஊற்றிக்கொள்வாள். அந்தத் தண்ணீரையும் அவளேதான் இழுக்க வேண்டும்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரால் எங்களுக்கு ஒரு லாபம் கிடைத்தது. லேபில் ஹைட்ரா வளர்த்தோம். ஹைட்ரா என்பது குளத்துப் பாசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நூல் துண்டு போன்ற பிராணி. ஒரு நுனியில் வாய், வாயைச் சுற்றி மெல்லிய கைகள். உடம்பு இரண்டே அடுக்குச் செல்களால் ஆனது. மெட்டாசோவா எப்படி ஆரம்பித்திருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல உயிர் கிடையாது. ஆனால் மகா தொட்டாற்சிணுங்கி. பைப்புத் தண்ணீரில் கலக்கும் மருந்து பட்டால் குறுகி உருண்டு செத்துப்போகும். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைத்தாலும் சாகும். ஜானகி தினமும் ஒரு கண்ணாடி பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவாள். அந்தத் தண்ணீரில் ஹைட்ரா மொட்டு விட்டு மொட்டு விட்டுப் பெருகியது.

ஒரு நாள் அவளைக் கொண்டே ஒன்றை இரண்டாக வெட்டச் சொன்னேன். சில நாளில் மேல்துண்டுக்கு அடி முளைத்தது, அடித்துண்டுக்கு வாயும் கைகளும் முளைத்தன. இரண்டும் முழு ஹைட்ரா. அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இதுக்கு மட்டும் எப்படி டீச்சர் முடியறது? இதுவும் மெட்டாசோவாதானே?"

"இதோட செல்லு இன்னும் ஒரே வேலையில இறுகிப் போகல்ல, அதான். நம்மளுக்கு அப்படியில்ல, கேட்டியா? தோலாப் போனது தோலுதான், எலும்பாப் போனது எலும்புதான். இனி மாறாது."

"அப்போ இதான் ஒசத்தி" என்றாள் அவள்.

4. குட்டனின் சுத்தம்

பரீட்சை வேனில் காலத்தில். குளங்கள் வற்றிப் பாசி நாறும். புதிதாக ஹைட்ரா பிடிக்கக் கிடைக்காது. போன மழையில் லேபின் பழைய ஸ்லைடுகள் எல்லாம் பூசணம் பூத்துப் போயிருந்தன. அதனால் பிராக்டிகல் பரீட்சைக்கு எங்கள் தொட்டியில் இருந்த உயிருள்ள ஹைட்ராவை நம்பியே சார் கேள்வி போட்டிருந்தார். ஆளுக்கு ஒன்றை ஸ்லைடில் ஏற்றி, வரைந்து, வெளியிலிருந்து வரும் எக்ஸாமினரிடம் காட்ட வேண்டும்.

ஸ்டடி லீவ் தொடங்கும் முன், அட்டெண்டர் குட்டன் லேபைச் சுத்தம் செய்தான். நல்ல மனுஷன், லேபில் புதிதாகப் போட்ட பைப்பின்மேல் அவனுக்குச் சொந்தப் பிள்ளைமேல் உள்ள பெருமை. நான் உள்ளே போனபோது கண்ணாடித் தொட்டி பளபளவென்று மின்னியது.

"டீச்சரே, ஆ பழைய வெள்ளம் ஒக்கெ நாறி. ஞான் நல்ல பைப்பு வெள்ளம் ஒழிச்சு நிறைச்சு!"

பழைய தண்ணீர் நாறுகிறதென்று கொட்டிவிட்டுப் பைப்புத் தண்ணீரை ஊற்றியிருந்தான். ஹைட்ரா எல்லாம் அடியில் சிறு சிறு உருண்டைகளாகக் கிடந்தன. நான் குட்டனைத் திட்டிய திட்டு தம்பானூர் வரை கேட்டிருக்கும். அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை. குடிக்கிற தண்ணீரைத்தானே ஊற்றினேன் என்று கண் கலங்க நின்றான்.

ஜானகி டிராப்பரை எடுத்தாள். மூலையில் பழைய பாசித் துணுக்கு ஒன்று வாட்ச் கிளாஸ் என்கிற சின்னக் கண்ணாடித் தட்டில் ஒதுங்கிக் கிடந்தது. அதில் கொஞ்சம் ஹைட்ரா உயிரோடு ஒட்டியிருந்தன. அவற்றைத் தன் பாட்டிலில் இருந்த கிணற்றுத் தண்ணீரில் எடுத்துவிட்டாள்.

"லீவ்ல தெனமும் தண்ணி கொண்டுவர அப்பா வெளியே விடமாட்டார் டீச்சர். நான் ஆத்துக்கே கொண்டுபோய் வளர்த்துத் தரேன்."

சார், "கொண்டுபொய்க்கோ, ஜானகி. நின்றெ கையிலாணு எல்லாவர்டெயும் பரீட்ச" என்றார். உன் கையில்தான் எல்லோருடைய பரீட்சையும் இருக்கிறது என்று அவர் சொன்னதில் அவளுக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

பாட்டிலில் காற்றுப் போதாது, அகலமான பாத்திரம் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். பித்தளை ஆகாது, செம்பு ஆகாது. அந்த வீட்டில் பித்தளையோ செம்போ அல்லாத அகலப் பாத்திரம் ஒன்றே ஒன்று. அம்மா குழம்பு வைத்த கல்சட்டி. அம்மா போன பிறகு அதை யாரும் எடுக்கவில்லை, கொல்லைப்புறத்து அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மாவுக்கல்லில் குடைந்த சட்டி, எதுவும் கரையாது, ஹைட்ராவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. விலங்கியல் படித்த பெண்ணாக அவள் யோசித்தது முழுக்கச் சரி.

5. தெவசம்

பரீட்சைக்குச் சில நாள் முன்பு காலையில் ராமு லேபுக்கு வந்தான். கையில் வாழை இலை போட்டு மூடிய கல்சட்டி. அலுவலகத்துக்குப் போகும் கோட்டு, முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், இதை வாங்கிக்கோங்கோ. கொட்டிடச் சொன்னார் அப்பா. கொட்ட மனசு வரலை."

இலையை நீக்கினேன். சட்டியின் உள்சுவர் முழுக்க ஹைட்ரா. பழுப்பு நூல்களாக ஆடிக்கொண்டிருந்தன. லேபில் இருந்ததைவிட நன்றாகப் பெருகியிருந்தன.

முந்தின நாள் அவர்கள் அம்மாவின் தெவசம். சமையலுக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரு மாமியை வரவழைத்திருந்தார்கள். போனவளுக்குப் பிடித்த கறியை அவளுடைய கல்சட்டியிலேயே வைக்கலாமே என்று அந்த மாமிக்கு நல்லெண்ணம். தண்ணீரோடு இருந்த சட்டியை எடுத்து, மடியாக இழுத்து வைத்த தண்ணீர் என்று நினைத்து, அதிலிருந்தே ஒரு சொம்பு மொண்டு அரிசி களைந்துவிட்டாள். பிறகு சட்டியைக் கழுவப் போனபோதுதான் பார்த்தாள்.

"புழு, புழுன்னு கத்தினா டீச்சர். சாஸ்திரிகள் எல்லாம் வந்து ஒக்காந்திருக்கா. அப்பா வந்து குனிஞ்சு பார்த்தார். அம்மா சட்டில புழு. யாரு வெச்சதுன்னு கேட்டார். ஜானகி நான்தான்னா. பரீட்சைக்குன்னா. அவ்வளவுதான். அரிசியை எல்லாம் கொட்டி, மறுபடி ஸ்நானம் பண்ணி, மறுபடி சமைச்சு, சாயங்காலம் ஆச்சு தெவசம் முடிய. அம்மா அவ்வளவு நேரம் பசியோட நின்னான்னு அப்பா அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை."

"ஜானகி?"

"காலேஜ் முடிஞ்சுதுன்னுட்டார்."

சார் அடுத்த அறையிலிருந்து வந்து சட்டியைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

6. கப்பிச் சத்தம்

அன்று மாலையே நான் கோட்டைக்குள் போனேன். நான் போகக்கூடிய தெரு இல்லை அது. தெற்கத்திக் கிறிஸ்தவச்சி, அதுவும் அவர்கள் தீட்டு என்று ஒதுக்கும் ஜாதியில் பிறந்தவள், அந்த வாசலில் நின்றால் தெரு முழுக்க எட்டிப் பார்க்கும். பார்த்தது. நான் படிக்குக் கீழே தெருவில் நின்றேன். ஜானகியின் அப்பா வாசல் படியில் நின்றார். மெலிந்த மனிதர், குரல் உயர்த்தாதவர். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"நீங்கோ படிச்சவா. நான் உங்களோட சண்டைக்கு நிக்கலை."

"அவ வேணும்னு செய்யல்லங்க. படிப்புக்காகச் செஞ்சது. அந்தச் சட்டி ஒண்ணுதான் ஒத்து வரும்னு நெனச்சிருக்கா."

"தெரியும். வேணும்னு பண்ணுவாளா? என் பொண்ணு."

"அப்போ பரீட்சை மட்டும் எழுதட்டும். அப்புறம் நீங்க என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. கிணற்றுக் கப்பி கிரீச்சிடும் சத்தம். கயிறு இறங்கும், கொஞ்சம் நிற்கும், பாரத்தோடு ஏறும். நான் வந்ததிலிருந்து அது நிற்கவே இல்லை.

"எழுதினா பாஸ் பண்ணிடுவா" என்றார்.

"பண்ணுவா. முதலா வருவா."

"அதுதாம்மா விஷயம். பாஸ் பண்ணினா மெட்ராஸுக்கு அனுப்பறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நான் வாக்கு மீறினதில்லை. அவ போயிட்டா இந்த ஆத்துல தண்ணி யாரு எடுப்பா? சின்னதுகளுக்குக் கயிறு எட்டாது. நாங்க ஆம்பளைகள் கோயிலுக்கும் ஆபீஸுக்கும் போறவா. சொல்லுங்கோ."

நான் தெருமுனையைக் காட்டினேன். அங்கே பொதுப் பைப்பில் யாரோ திருகிவிட்டு மூடாமல் போக, தண்ணீர் ஓடைபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"அது தோல் வாஷர்" என்றார். கோபமில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அந்தக் கதவை உதைக்க வேண்டும் போல் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. தெவசத்துப் புழு என்பதெல்லாம் வாக்கு மீறாமல் அவளை நிறுத்திவைக்க அவருக்குக் கிடைத்த ஒரு வழிதான். அதை அவரும் மறைக்கவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. திரும்பி நடந்தபோது கப்பிச் சத்தம் தெருமுனை வரை கூட வந்தது.

7. பரீட்சை

கல்சட்டி ஹைட்ரா எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமானதாக இருந்தது. ஆளுக்கு ஒன்று ஸ்லைடில் ஏற்றினார்கள். உயிருள்ள ஹைட்ராவை இவ்வளவு அழகாக எங்கும் பார்த்ததில்லை என்று எக்ஸாமினர் சாரிடம் கை கொடுத்தார். ஜானகியின் இடத்தில் மைக்ராஸ்கோப் உறை போட்டபடி இருந்தது. உறையை எடுக்க வேண்டாம் என்று குட்டனிடம் சொல்லிவைத்திருந்தேன். குட்டன் அந்த மேஜைப் பக்கமே போகவில்லை.

வைவாவில் எக்ஸாமினர் ஒவ்வொருத்தியிடமும் கேட்டார், மெட்டாசோவா என்றால் என்ன என்று. ஒவ்வொருத்தியும் நோட்ஸை ஒப்பித்தாள். பல செல்களால் ஆன உயர்ந்த பிராணிகள், செல்கள் தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். அத்தனை பேரும் பாஸ். அந்த வருஷத்து ரிசல்ட்டுக்காகப் பிரின்ஸிபால் சாரைப் பாராட்டினாராம். சார் என் அறை வாசலில் வந்து நின்று, "ஆ குட்டியுண்டெங்கில்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். அந்தப் பெண் இருந்திருந்தால் என்று அவர் அதற்குப் பிறகு பலமுறை ஆரம்பித்திருக்கிறார். முடித்து நான் கேட்டதில்லை.

8. பழவங்காடி

யுத்தம் தொடங்கி அரிசி தட்டுப்பட்ட காலத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முக்கில் ஜானகியைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைமுடி கொட்டிப் பின்னால் சுண்டைக்காய் அளவு கொண்டை. கன்னம் ஒட்டியிருந்தது. கையில் பூக்கூடை. பக்கத்தில் வேண்டுதல்காரர்கள் தேங்காய்களைக் கல்லில் ஓங்கி அடித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். வழியில் போகிறவர்களே திடுக்கிட்டுத் திரும்புகிற சத்தம். அவள் திரும்பவில்லை.

"ஜானகி!"

அதற்கும் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். என்னைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரித்தாள். என் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"காது போயிடுத்து டீச்சர். எனக்கும் டைபாய்டு வந்தது, அம்மாவுக்கு வந்த மாதிரியே. நான் பொழைச்சுண்டேன். காது மட்டும் போச்சு." தன் குரல் தனக்குக் கேட்காததால் உரக்கப் பேசினாள். தேங்காய் உடைப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "டாக்டர் வந்து கெணத்தை மூடச் சொல்லிட்டா. கெணத்துத் தண்ணிலதான் ஜுரம் இருந்திருக்கு. நான் மாசக்கணக்கா படுத்துண்டிருந்தேன், இழுக்கவும் ஆள் இல்லை. இப்போ ஆத்துக்குள்ளேயே பைப்பு வெச்சாச்சு."

"அப்பா ஒத்துக்கிட்டாரா? தோல் வாஷர்?" நான் விரல்களால் திருகிக் காட்டினேன்.

"ரப்பர் வாஷர் இருக்காமே டீச்சர்! ரப்பர் மரத்துப் பால்தானே, தோஷமில்லைன்னுட்டார் அப்பா. ராமு ஆரியசாலைல ஒரு கடைல வாங்கிண்டு வந்தான். ரொம்ப வருஷமா அங்கே இருக்காம் அது. யாரும் கேக்கலை, நாங்க எடுத்துக் காட்டலைன்னானாம் கடைக்காரன்."

என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்கப்போவதில்லை என்பது ஒரு வகையில் வசதியாக இருந்தது. பிறகு மனம் கேட்காமல், காற்றில் எழுதுவது போல் காட்டி, திரும்பப் பரீட்சை எழுது, நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். மூன்றாவது தடவை உதட்டைப் படித்துவிட்டாள்.

"ஸ்டெதஸ்கோப் வெச்சா எனக்கு என்ன டீச்சர் கேக்கும்?" என்றாள். கண்ணீர் இல்லை. பூக்கூடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "வெட்டின எடத்துல மொளைக்க நான் என்ன ஹைட்ராவா?" என்றாள். அப்புறம், எல்லோரும் நலமா என்று கேட்பதைப் போல, "கல்சட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்று தலையாட்டினேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது போலும். கோயிலுக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. சில வருஷத்தில் அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுத் திருநெல்வேலிக்கே போய்விட்டது என்று கேள்விப்பட்டேன்.

9. நோட்ஸில் இல்லாதது

சார் ரிடையரான பிறகு நான் லெக்சரரானேன், அந்த நோட்ஸ் என் கைக்கு வந்தது. அதில் பெரிதாக நான் எதையும் மாற்றவில்லை. "உயர்ந்த" என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்தேன். மெட்டாசோவா என்றால் பின்னால் வந்தவை, அவ்வளவுதான். பின்னால் வந்ததெல்லாம் மேலானது என்று அந்தப் பெயரில் எங்கும் இல்லை.

செல்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் என்ற வரி வரும்போது, வகுப்பில் ஒன்று சேர்த்துச் சொல்வேன். பகிர்ந்துகொள்ளும் என்று எழுதுகிறோமே தவிர, எந்தச் செல்லும் தன் வேலையைக் கேட்டு வாங்கியதில்லை. எங்கே கிடந்ததோ அங்கே உள்ள வேலை அதன் தலையில் விழுந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் யாரும் அதைக் கேட்டதில்லை.

நான் பணியை விடும்வரை எங்கள் ஹைட்ரா அந்தக் கல்சட்டியில்தான் இருந்தது. கண்ணாடித் தொட்டிகள் எத்தனையோ வந்தும், அதை மாற்ற நான் விடவில்லை. லேபில் சமையல் பாத்திரம் எதற்கு டீச்சர் என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் பெண்கள் கேட்பார்கள். பித்தளை ஹைட்ராவைக் கொன்றுவிடும், கல் கொல்லாது என்பேன். அவர்கள் தலையாட்டிவிட்டு லென்ஸில் குனிந்துகொள்வார்கள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன்.